ஸ்ட்ராப் போட்ட சூட்கேஸ்

ஏனுங்க,

பாஸ்போர்ட் கெடச்சிருச்சு. எனக்குப் போன உசுரு இப்பத்தான் திரும்பி வந்துச்சு. நான் தொலைக்கலீங்க. மொதல் தடவை ஜெர்மனிக்குப் பிளேன் ஏறப் போறோம்னு, எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியாட்டம் சூட்கேஸையும் கம்பெனிக்குக் கொண்டுபோய் டேப் ஒட்டி, ஸ்ட்ராப் போட்டு இறுக்கிட்டு வந்தீங்களே, அதுக்குள்ள உங்க கோட்டுப் பையில இருந்துச்சு. கத்தரியில வெட்டித்தான் எடுத்தேன். இப்ப முருகன் படத்துக்கு முன்னால இருக்குது. மறுபடி டேப் ஒட்டீராதீங்க.

தக்காளிச் சோறு மூடி வெச்சிருக்கறேன், சாப்பிடுங்க. கோயிலுக்குப் போயிட்டு, கார் வர்றதுக்குள்ள வந்தர்றேன்.

போன்லயே சொல்லியிருப்பேன். நேத்து என்னைத் திட்டுனதுக்கு இன்னும் பேசறதா இல்லை.

சுகந்தி

மறந்துட்டேன்: பெட்டி பூராவும் ஆர்டர் குடுக்கற பையருக்குக் காட்டற சாம்பிள் பனியன். அந்தக் கோட்டை விட்டா உங்களுக்குப் போட ஒண்ணுகூட இல்லை. உங்க சட்டை, பேண்ட் நாலு செட்டு மடிச்சு வெச்சிருக்கறேன்.