மேலவைக்கு ஒரு மனு

ஜூலை 2, புதன். திண்டிவனம்
காலையிலேயே வெயில். பதிவு அலுவலகத்தில் சர்வர் வேலை செய்யவில்லை. பத்திரம் எழுத வந்தவர்கள் வேப்பமரத்தடியில். எனக்கு நல்லதாகப் போயிற்று. மாநிலங்களவைக்கான (டெல்லி மேலவை) மனுவைத் தட்டச்சு செய்து முடித்தேன். தமிழ் ஒன்று, ஆங்கிலம் ஒன்று. கோரிக்கைகள்:
1. ஒரு மாநிலத்தின் சார்பில் போகிறவர் அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும். (முன்பு இருந்த விதிதான். எடுத்துவிட்டார்கள்.)
2. வேட்பாளர் பெயரைக் கட்சிகள் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும்.
3. ஆண்டுக்கு ஒரு முறையாவது மக்கள் முன் வந்து பதில் சொல்ல வேண்டும்.
யோசனை மாணிக்கம் சாருடையது, இரண்டு வருடமாக இதே பேச்சு. கல்லூரியில் அரசியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். எழுத்து என்னுடையது. பத்திர எழுத்தர் லைசென்ஸ் வேறு எதற்கு.
தலைவலி. காபி மூன்று.

ஜூலை 5, சனி
ஸ்கூட்டியில் கெடார். கேப்பைக் கொல்லையில் களை எடுக்கும் பெண்கள். மேலவை உறுப்பினர் பற்றிய மனு என்று சொல்லிக் கையெழுத்து கேட்டதும், அவர்களில் அஞ்சலை நிமிர்ந்தாள்.
"அவருக்கு நாங்க ஓட்டே போடலியே மேடம். எம்.எல்.ஏ.ங்கதான போடறாங்க. எங்க கையெழுத்து இன்னாத்துக்கு?"
"அதனாலதான் கேக்கறேன்."
ஓடைப் பக்கம் கை காட்டிச் சொன்னாள். போன மழையில் அவள் கணவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனது ஓடையில், இடுப்பளவுத் தண்ணீரில். பாலம் இல்லை. மேலவை உறுப்பினருக்கும் அரசு நிதி உண்டு, கேட்கலாம் என்றேன்.
"அப்டி ஒருத்தரு கீறாரா? எங்க கீறாரு?"
முதல் கோரிக்கையைப் படித்துக் காட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிதானமாக எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு எல்லாரும்.

ஜூலை 11, வெள்ளி. விழுப்புரம்
விருந்தினர் மாளிகை. மேலவை உறுப்பினரைப் பார்க்க சாரும் நானும் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பிறந்தது விக்கிரவாண்டிப் பக்கம், இருபது வருடமாக டெல்லி. மரியாதையான மனிதர். முழுவதும் படித்தார்.
"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. முதல் கோரிக்கையை மட்டும் எடுத்துடுங்க. சபையில நானே தாக்கல் பண்றேன். அது இருந்தா கட்சியில என்னைக் கேப்பாங்க."
சாருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.
பஸ்ஸில், கூட்டேரிப்பட்டு தாண்டும்போது சார் சொன்னார்: "கையெழுத்து தனித்தனித் தாள்லதானே இருக்கு விமலா? முதல் பக்கத்தை மட்டும் மாத்திடலாம்."
கையெழுத்துத் தாள்களை என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 12, சனி
சாரிடம் பேசிவிட்டேன். கையெழுத்து வாங்கின பிறகு ஒரு வரியை மாற்றினால் என் தொழிலில் அதற்கு மோசடி என்று பெயர். சொன்னேன்.
"ரெண்டு வருஷ உழைப்பு. சபையில வாசிக்கப் போறாங்க. கெடார்க்காரங்களுக்கா வித்தியாசம் தெரியப்போவுது?"
"அஞ்சலைக்குத் தெரியும் சார்."
கதவைச் சாத்தாமல் போய்விட்டார். இத்தனை வருடத்தில் முதல் சண்டை.
மாலை உறுப்பினரின் உதவியாளருக்கு போன். 'எடுக்கச் சொல்லி அவரே வந்து மக்களிடம் கேட்கட்டும். சம்மதித்தால் எடுத்துவிடுகிறேன்.'

ஜூலை 20, ஞாயிறு. கெடார்
வந்தார்! ஒரே கார், கொடி இல்லாமல். மாணிக்கம் சாரும் வந்திருந்தார். என்னைப் பார்த்து, "வெயில் அதிகம்" என்றார். சமாதானம்.
அஞ்சலை முதலில் ஓடையைக் காட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் பார்த்தார். பாலத்துக்கு எழுதித் தருகிறேன் என்றார். பிறகு முதல் கோரிக்கையை எடுத்துவிடலாமா என்று கேட்டார். எல்லாரும் அஞ்சலையைப் பார்த்தார்கள். பாலம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்.
"பாலம் குடுங்க சார், வாணாம்னு சொல்லல. எழுதனது எழுதனதா இருக்கட்டும். இன்னைக்கு நீங்க வந்துகீறீங்க. அடுத்தாப்ல யாரு வருவாங்களோ."
"நான் தாக்கல் பண்ண முடியாதும்மா" என்றார் என்னிடம். "நேரா மாநிலங்களவைச் செயலகத்துக்கே தபால்ல அனுப்பலாம், விதி இருக்கு." போகத் திரும்பியவர் கையெழுத்துத் தாளைக் கேட்டார். உறுப்பினராக இல்லை, ஒரு ஆளாக, என்றார். பெயர் எழுதினார். முகவரிக் கட்டத்தில் பேனா நின்றது.
"எந்த அட்ரஸ் எழுதறது?"
"நீங்க எங்க கீறீங்களோ அத்த எழுதுங்க சார்" என்றாள் அஞ்சலை.
டெல்லி முகவரியை எழுதினார். சிரிக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்
பதிவுத் தபால். கவர் தடிமன். சார் இரண்டு முறை முகவரி சரிபார்த்தார். பிறகு ஆளுக்கொரு போண்டா.
வீட்டில் எரிவாயு தீர்ந்தது. பதிவு செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்
தூறல். ஒப்புகை அட்டை வந்தது. வட்ட முத்திரை, படிக்க முடியாத ஒரு கையெழுத்து. அஞ்சலைக்கு போன் செய்தேன், நிலக்கடலைக் கொல்லையில் இருந்தாள். ஓடையில் அளவெடுக்க இரண்டு பேர் வந்து போனார்களாம். பாலம் வந்தால்தான் நிஜம் என்றாள்.
"விதிய எப்ப மாத்துவாங்க மேடம்?"
"தெரியாது. வருஷக்கணக்காகும். மாத்தாமலும் போகலாம்."
"செரி. மறுக்கா எழுதணும்னா சொல்லுங்க, வர்றேன். மல்லாட்டை புடுங்கிக்கினு கீறேன், வெச்சிடட்டா?"