பாராளுமன்றத்துக்கு ரோல்ஸ் கொண்டு போனோம்

என் வசந்தி அக்காவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம். மாலைக் கல்லூரியில் எனக்குப் பக்கத்துக் கதிரை இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. உங்கள் நினைவாக விட்டுவைத்திருக்கிறோம் என்று உருகிவிடாதீர்கள். வகுப்பில் ஆள் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது ஆசிரியர்களையும் குறைக்கிறார்கள். கணித ஆசிரியரின் ஒப்பந்தம் கோடையோடு முடிகிறது, நீட்டிக்க மாட்டார்களாம். அவர் இல்லாவிட்டால் கடைசி வருட வகுப்பு நடக்காது. நடக்காவிட்டால் எனக்குச் சான்றிதழும் இல்லை, தாதிப் படிப்பும் இல்லை. நாற்பத்துமூன்று வயதில், முதியோர் இல்லத்தில் உதவியாளாகவே இருந்து சாக வேண்டியதுதான்.

சும்மா இருக்கவில்லை அக்கா. மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்து, மாநிலப் பாராளுமன்றப் பெண் உறுப்பினர் ஒருவரிடம் சந்திக்க நேரம் கேட்டு டெர்மின் எடுத்தோம். பதினைந்து நிமிடம். சிரியாக்காரி ஹனான் தொடங்குவது, நான் முடிப்பது என்று ஏற்பாடு. என் பகுதியைக் கண்ணாடி முன் நின்று பாடமாக்கினேன்.

அதோடு ஒரு மோட்டு வேலையும் பார்த்தேன். ஒரு வீட்டுக்குப் போனாலே வெறுங்கையோடு போகாத ஆட்கள் நாங்கள், பாராளுமன்றத்துக்குப் போவோமா? இறைச்சி சாப்பிடாதவராக இருந்தால் என்ன செய்வது என்று மரக்கறி வைத்தே அறுபது ரோல்ஸ் பொரித்தேன். "ஏனப்பா, கலியாண வீட்டுக்கே போறாய்? கடிதத்தைக் குடுத்திட்டு வாறதுதானே?" என்றார் என்ரை மனுசன். நான் கேட்கவில்லை.

பெட்டியைத் திறந்ததும் அந்தப் பெண்மணியின் முகம் மலர்ந்தது. காரமா, யார் செய்தது, எப்படிச் செய்வது என்று கேட்டார். உதவியாளர்களையும் கூப்பிட்டுக் கொடுத்தார். இலங்கைக்கு விடுமுறையில் போன கதை, கடற்கரை, யானை எல்லாம் வந்தது. ஹனான் மேசைக்குக் கீழே என் காலை மிதித்துக்கொண்டே இருந்தாள். நான் சிரித்துச் சிரித்து இன்னொன்று எடுக்கச் சொன்னேன்.

கடைசி நிமிடத்தில்தான் ஹனான் ஆசிரியரைப் பற்றி வாயைத் திறந்தாள். "குறித்துக்கொள்கிறேன்" என்றார். பிறகு எல்லாரும் நின்று படம் எடுத்தோம்.

அந்தப் படம் இப்போது அவரின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. பல நாட்டுச் சுவை, ஒரே மேசை என்று எழுதியிருக்கிறார். கல்லூரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. போன கிழமை அவரின் கந்தோரிலிருந்து கடிதமும் வந்துவிட்டது, முடிவில் மாற்றமில்லை என்று.

"எங்கள் பதினைந்து நிமிடத்தையும் நீதான் அவருக்கு ஊட்டிவிட்டாய்" என்றாள் ஹனான். எரிச்சலாக இருந்தது, அவள் சொன்னது சரி என்பதால். நீங்கள் கூட இருந்திருந்தால் என்னைத் தடுத்திருப்பீர்களா? இல்லை, என்னையும் முந்திக்கொண்டு தட்டை நீட்டியிருப்பீர்களா? ஐம்பத்தாறு வயதில், கந்தோர்களைக் கூட்டித் துடைத்துவிட்டுப் பின்னேரம் படிக்க வந்த மனுசி நீங்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் கண்ணை மூடிவிட்டீர்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு உறுப்பினரிடம் டெர்மின் கிடைத்திருக்கிறது. பத்தே நிமிடம். வெறுங்கையோடு போகிறேன், அக்கா, கோவிக்காதேங்கோ. கதிரையில் இருந்த உடனேயே எங்கள் கணித ஆசிரியரின் பெயரைச் சொல்வேன். பதில் வரும்வரை சிரிக்க மாட்டேன். சத்தியம்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
ரஜனி