மூன்றாம் நாள் நான் ஆடியது

இயேசு மரி சூசை துணை

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
14.2.2003, வெள்ளி

அன்புள்ள மகன் அந்தோணிராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. எனக்கு இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. தோஹாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேலையிடத்தில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, நோய் நொடி இல்லாமல் இருக்க மாதாவிடம் தினமும் மன்றாடுகிறேன். வெள்ளிக்கிழமை உனக்கு லீவு, அன்றைக்குத்தான் போன் செய்வாய். இன்று வெள்ளிக்கிழமை, மணி நாலரை ஆகிவிட்டது, போன் வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். முந்தாநாள் புதன்கிழமை மணி அடித்தபோது நீயாக இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. உன் குரல் என்று தெரிந்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் நீ எடுத்தவுடனே, "என்னம்மா, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா, அப்பா செத்து எட்டு மாசந்தான் ஆகுது, ரோட்ல போயி ஆடிருக்க" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள், வீட்டைப் பூட்டிவிட்டு வடமதுரைக்குச் சித்தப்பாவோடு போய் இருந்துகொள் என்றும் சொன்னாய். நான் "அப்பு, செத்த நேரம் நான் சொல்றதக் கேளு" என்றேன். அதற்குள் லைன் போய்விட்டது. தானாகக் கட் ஆனதா, நீ வைத்துவிட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. கட் ஆனது என்றே வைத்துக்கொள்கிறேன்.

நீ கேட்காமல் விட்டதை இதில் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டதால் குழாயில் பத்து நாளைக்கு ஒரு தரம்தான் தண்ணீர் வருகிறது, அதுவும் எப்போது என்று சொல்ல முடியாது. உன் அப்பா இருந்தபோது அவர் துணி துவைக்கவே நாலு குடம் ஆகும். இப்போது பிடித்து வைத்த தண்ணீர் அப்படியே கிடக்கிறது, பாதியைப் பக்கத்து வீட்டு நர்கீஸுக்குக் கொடுத்துவிடுகிறேன். அஞ்சு வருஷம் உன் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தாரே, அப்போது இந்த வீட்டில் எந்நேரமும் ஏதாவது ஒரு சத்தம் இருக்கும். பேச்சு வராது என்பதால் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டித்தான் கூப்பிடுவார். அலுத்துப்போய் நான் கத்தியும் இருக்கிறேன், கர்த்தர் மன்னிக்கட்டும். இப்போது காலையில் பால்காரர் வந்து போனால் மறுநாள் அவர் வரும் வரைக்கும் யாரோடும் பேச்சில்லை. பால்காரரோடு எவ்வளவு பேச முடியும் சொல். ஜனவரியில் ஒரு நாள் யாரோ கதவைத் தட்டி விலாசம் கேட்டார்கள். பதில் சொல்ல வாயெடுத்தால் குரலே வரவில்லை. அன்றைக்குத்தான் பயந்துபோனேன். உனக்குச் சொல்லவில்லை.

போன வாரம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருவெல்லாம் சொல்லிப் போனார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று நாள் பல மாநிலத்து நாட்டுப்புறக் கலைவிழா, பாட்டும் ஆட்டமும், சாயங்காலம் ஐந்து மணிக்கு, அனுமதி இலவசம், குடும்பத்தோடு வாருங்கள் என்று. நர்கீஸ்தான் "அக்கா, வாங்க, ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவோம்" என்று போன வெள்ளிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மேடை போட்டு, முன்னால் ஜமுக்காளமும் அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். ராஜஸ்தான் பெண்கள் தலையில் ஏழு பானை அடுக்கிக்கொண்டு ஆடினார்கள். மணிப்பூரிலிருந்து வந்த ஆட்கள் மத்தளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாசித்துக்கொண்டே ஆகாயத்தில் சுற்றிச் சுற்றிக் குதித்தார்கள், அடி ஒன்று கூடத் தப்பவில்லை. நம் பக்கத்து ஒயிலாட்டமும் தப்பாட்டமும் இருந்தன. உண்மையைச் சொல்கிறேன் அந்தோணி, ஆட்டத்துக்காக நான் போகவில்லை. எனக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு குழந்தை என் முழங்கையில் சாய்ந்து தூங்கியது. அது போதுமாக இருந்தது எனக்கு.

மறுநாள் நர்கீஸுக்கு வீட்டில் விருந்தாட்கள், வர முடியவில்லை. நான் தனியாகப் போய் மூன்றாவது வரிசையில் ஓரத்தில் உட்கார்ந்தேன். குஜராத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கண்ணாடி பதித்த பாவாடை கட்டி, நடுவில் விளக்கு வைத்து, வட்டமாகக் கைதட்டி ஆடினார்கள். ஆடி முடித்து இறங்கும்போது ஒருத்தி காலைத் தாங்கித் தாங்கி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும், ஐம்பத்தாறு ஐம்பத்தேழு. பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தம். நான் என் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவி, கைக்குட்டையால் கட்டிவிட்டேன். அவள் நெஞ்சைத் தொட்டு ஜம்னா என்றாள். நான் இஞ்ஞாசி என்றேன். அவளுக்கு அது வாயில் வரவில்லை, இன்யா, இனாசி என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். மூன்று விரல் காட்டினாள், மூன்று பிள்ளைகள் என்று புரிந்துகொண்டேன். நான் ஒரு விரல் காட்டி, விமானம் போவது மாதிரி கையை ஓட்டிக் காட்டினேன். அவள் ச்சு என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஆட்டம் முடியும் வரைக்கும் விடவே இல்லை. உன் அப்பா அடக்கத்துக்குப் பிறகு என் கையை யாரும் அவ்வளவு நேரம் பிடித்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். எல்லாம் முடிகிற நேரம், எல்லா மாநிலத்துக்காரர்களும் கீழே இறங்கி, ஜமுக்காளத்தைச் சுருட்டிவிட்டு, ஜனங்களையும் சேர்ந்து ஆட வரச் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடினார்கள். நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். சத்தியமாகக் கிளம்பத்தான் பார்த்தேன். ஜம்னா காலில் கட்டோடு கூட்டத்துக்குள் தேடிக்கொண்டு வந்து, இன்யாசி என்று கூப்பிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவள் விடவில்லை. அன்றைக்கு அந்த மைதானத்தில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அவள் ஒருத்திதான். போனேன்.

அவர்கள் மூன்று தட்டுத் தட்டித் திரும்புகிறார்கள். எனக்குத் தெரிந்தது நாங்கள் சிறுபிள்ளையில் கோயில் திருவிழாவுக்கு அடித்த கும்மிதான், குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று. கல்யாணம் ஆன பிறகு முப்பத்தைந்து வருஷம் அடித்ததில்லை. என் கை என் தாளத்துக்குப் போனது, அவர்கள் கை அவர்கள் தாளத்துக்குப் போனது, வட்டமே குழம்பி ஒருத்தி மேல் ஒருத்தி முட்டிக்கொண்டோம். நான் விலகப் பார்த்தேன். ஜம்னா நின்று என் கையையே பார்த்தாள். பிறகு என்னை மாதிரியே குனிந்து தட்டினாள். அடுத்தவள் தட்டினாள். அப்படியே வட்டம் முழுக்க வந்துவிட்டது. தப்பு மேளம் அடிக்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து அதற்கேற்ற அடியைப் பிடித்தார்கள். மணிப்பூர்க்காரர், பஞ்சாப்புக்காரர், நம் ஊர்ப் பெண்கள், ஐம்பது அறுபது பேர் இருக்கும், எல்லோரும் என் கும்மியை அடித்தார்கள் அந்தோணி. எத்தனை சுற்று என்று தெரியாது. நான் சிரித்தேன். அது தப்பு என்றால் அந்தத் தப்பை நான்தான் செய்தேன், யாரும் என்னைக் கெடுக்கவில்லை.

எட்டு மணிக்கு எல்லாம் முடிந்து, அவர்கள் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும், இப்படி இப்படி நடந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்க யார் இருக்கிறார்கள். நர்கீஸ் வீட்டில் விருந்தாட்கள் சத்தம் கேட்டது, போய் நிற்கச் சங்கடமாக இருந்தது. உனக்குப் பேசலாம் என்றால் நம் போனில் வெளிநாட்டுக்குப் போகாது. மதியச் சோற்றில் மோரை ஊற்றிக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன். கால் இரண்டும் கடுத்தது. வெள்ளிக்கிழமை நீ பேசும்போது உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அதற்குள் செவ்வாய்க்கிழமை பேப்பரில் போட்டோ வந்துவிட்டது. வட மாநிலக் கலைஞர்களோடு ஆடிய உள்ளூர்ப் பெண்கள் என்று போட்டு, நடுவில் நான், பல் தெரிய. உன் சித்தப்பா சேவியர் கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அன்றைக்கே உன் சித்தி பிலோமினாளையும் கூட்டிக்கொண்டு வடமதுரையிலிருந்து வந்துவிட்டார். "அண்ணன் மண்ணு இன்னும் காயல, அதுக்குள்ள கூத்தாடிகளோட ஆட்டமா மதினி? நாளைக்கு அந்தோணிக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று கேட்டார். நான் அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டேன். உன் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்ட மாதம் ஒரு தரமாவது வந்து கை கொடுத்தவர் அவர், அந்த நன்றி எனக்கு உண்டு. கடைசியில், "வர்ற ஞாயித்துக்கிழமை வண்டியோட வாரேன், சாமானைக் கட்டி வைங்க, இனிமே ஒங்களத் தனியா விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவும் சொன்னார். பிலோமினாள் அது வரைக்கும் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். அவர் வெளியே போனதும் அடுப்படிக்கு வந்து, மெதுவாக, "அக்கா, ஒங்களுக்குக் கால் வலிக்கலையா?" என்று மட்டும் கேட்டாள். வலிக்குது என்றேன். அவள் குனிந்து என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

நேற்றுக் கோயிலுக்குப் போனேன். பாவசங்கீர்த்தனமும் செய்தேன். சேவியர் மேல் கோபப்பட்டதைச் சொன்னேன், உன் அப்பாவிடம் கத்தியதைச் சொன்னேன். ஆடியதைச் சொல்ல வேண்டும் என்றுதான் முழங்காலில் நின்றேன். அதைப் பாவக் கணக்கில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. சாமியாரும் பேப்பர் பார்த்திருப்பார், அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நான் வடமதுரைக்குப் போகவில்லை அப்பு. அடக்கம் முடிந்து ஒரு மாதம் அங்கே இருந்தேன், உனக்குத் தெரியும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பின்கட்டு அறையில் கட்டில் போட்டு, வேளாவேளைக்குச் சாப்பாட்டை உள்ளேயே கொண்டுவந்து வைப்பார்கள். வீடு நிறைய ஆட்கள், கூடத்தில் டிவி, எல்லோரும் பேசுவது சுவர் வழியாக எனக்குக் கேட்கும், நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். இங்கே தனியாக இருப்பது கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். சில நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இங்கே கதவைத் திறந்தால் தெருவுக்கு நான் போகலாம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும். சேவியர் வண்டியோடு வந்தால் உட்காரவைத்து, கறி எடுத்துச் சமைத்துப் போட்டு, மரியாதையாக வெறும் வண்டியைத் திருப்பி அனுப்புவேன். அவர் உனக்கு என்ன சொன்னாலும் பெரியவர் என்று பொறுத்துக்கொள், எதிர்த்துப் பேசாதே. நீ பேசிய பேச்சையும் நான் மனசில் வைக்கவில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குக் காதில் விழுவதெல்லாம் பெரிதாகத்தான் தெரியும்.

ஜூனில் அப்பாவின் வருஷப் பூசைக்கு லீவு கேட்டுப் பார். பத்து நாள் கிடைத்தாலும் போதும், கிடைக்கவில்லை என்றால் வருத்தப்படாதே. அங்கே வெயில் தொடங்குமுன் கண் எரிச்சலுக்கு டாக்டரைப் பார். இராத்திரி செபத்தை விடாதே. ஆண்டவரும் அன்னை மரியாளும் உன்னைக் காலும் கையும் சுகமாகக் காப்பாற்றட்டும். நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன்.

பதில் எழுதினால் மேட்டுப்பட்டி விலாசத்துக்கே எழுது.

உன் அம்மா
இஞ்ஞாசியம்மாள்