கோட்டுப் பையில் ஒரு கறுப்பு டை

அங்கிள்,

இன்று காலை இங்கே பக்கத்து ஊரான பார்சிப்பனியில் ஒரு துக்க வீடு. கோட்டை எடுத்ததும் பையிலிருந்து உங்கள் கறுப்பு டை சரிந்து விழுந்தது. அந்துருண்டை வாசனை. "அதைக் கட்டிட்டுப் போகாதீங்க, இன்டர்வியூக்குப் போற மாதிரி இருக்கும்" என்றாள் மனைவி. மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

அயர்லாந்தில் மாடு கறந்துகொண்டிருந்தவர் நீங்கள். பிறகு வட்டார மன்றத் தேர்தலில் நின்று, கடைசிவரை தோற்காதவர். உங்கள் மனைவி இறந்தபின், எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த உங்கள் மகளிடம் வந்து சேர்ந்தீர்கள். "ரோடு போட்டதை மறந்துவிடுவார்கள். சாவுக்கு வராததை மறக்கமாட்டார்கள்" என்பீர்கள். அதற்காகவே காரில் எப்போதும் இந்த டை. எங்கள் ஊர்த் தலைவர்களும் கையில் மாலையோடுதான் அலைவார்கள் என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

கோபியில் என் அப்பா இறந்த அன்று தம்பி போனில் கேட்டான்: "அண்ணா, பந்தல் போட்டாச்சு. நீ வர்ற வரைக்கும் அப்பாவ வெச்சிருக்கட்டுமா, எடுத்தரட்டுமா?" கொள்ளி வைக்க வேண்டிய மூத்தவன் நான். ஆனால் கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நின்றது. பயண அனுமதி வராமல் கிளம்பினால் திரும்ப வழியில்லை. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

அப்போதுதான் டை கட்டிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். நான் போக முடியாத விஷயத்தைக் கேட்டதும், "யாரிடம் பேச வேண்டும்? நம்பரைக் கொடு" என்று போனை வாங்கினீர்கள். உங்கள் ஊரில் மந்திரியே எடுப்பாராம். இங்கே குடியேற்ற அலுவலகத்தில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பதிவுக் குரல். அதனிடம் உங்கள் பெயரையும் பழைய பதவியையும் சொல்லிப் பார்த்தீர்கள். இசை ஓடியது. பிறகு லைன் கட்டாகிவிட்டது.

"எனக்கு இங்கே ஒருவரையும் தெரியாது" என்றீர்கள். என் துக்கத்தைவிட உங்கள் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

தம்பியைக் கூப்பிட்டு "எடுத்துருடா" என்றேன். அங்கே எல்லாம் முடியும்வரை சோபாவில் என் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தீர்கள்.

அடுத்த குளிர்காலத்தில் நீங்களும் போனீர்கள். மகள் உங்களை ஊருக்கே கொண்டுபோனார். வட்டாரமே திரண்டு வந்ததாம். எனக்குக் கார்டு அப்போதும் வரவில்லை. உங்கள் சாவுக்கும் நான் வரவில்லை. திரும்பி வந்த மகள் இந்த டையைத் தந்தார்.

இன்றைக்குப் போன வீட்டில், அம்மாவை மதுரையில் பறிகொடுத்த பையன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான். "டிராவல் பண்ணினா ரிட்டர்ன் வர முடியாதுன்னு லாயர் சொல்றார். நீங்க இங்க ரொம்ப வருஷமா இருக்கீங்க அங்கிள். யார்கிட்டயாவது பேச முடியுமா?"

எனக்கும் இங்கே ஒருவரையும் தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.