ஆண் மேப்பிள்

வெர்லின்,

நேத்துலேர்ந்து நமக்குள்ள பேச்சில்லை, அதான் எழுதி வச்சுட்டுப் போறேன். சர்ச்சுல காபி போடுற முறை இன்னைக்கு எனக்கு. சூப் அடுப்புல இருக்கு, சுடவச்சுக் குடி.

பூச்சித் தொல்லைன்னு நேத்து கோவத்துல நீ வெட்டிச் சாய்ச்சது ஆண் மேப்பிள் மரம். பூச்சி வர்றது விதைக்கு. விதை விடுற பெண் மரம் இன்னும் ஜன்னலோரம் நின்னு ஆடுது, மக்கு! அதைத் தொடாதே.

ஜன்னல் திரையில வெயில் காயுற பூச்சிகளை நசுக்காதே, கறை போகாது. துடைப்பத்தால தள்ளு.

விடியல்ல நீ வெட்டிப் போட்ட கட்டையைப் பார்த்தேன். உள்ள செக்கச்செவேல்னு, அந்திவானம் மரத்துக்குள்ளயே தூங்கிட்ட மாதிரி. பார்த்துக்கிட்டே நின்னதுல கோவத்தை எங்கேயோ வச்சுட்டேன்.

ஆர்லிஸ்

கட்டையை நிழல்ல வை, செவப்பு வெளுத்துடும்.

இன்னொண்ணு: அந்தக் கட்டையில ஒரே ஒரு மரக் கிண்ணம்தான் கடைஞ்சு எடுக்கப் போறேன். ரெண்டு பேருக்கும் சூப் அதுலதான். பேசிக்காம எப்படிக் குடிக்கிறோம்னு பார்க்கலாம்.