மரச்சீனிக்கு வார்த்த குண்டுகள்

அக்டோபர் 6, ஞாயிறு

நேற்றும் காட்டுப்பன்னி வந்தது. மரச்சீனிக் கிழங்கு ஒரு வரிசை போச்சு.

இந்த ஒரு வரி எழுத நல்ல நேரம் பிடித்தது. ஆனாலும் என் கை எழுதினதாக்கும். ஸ்ரீகுமாரி டீச்சரின் முதியோர் வகுப்பில் மலையாளமும் தமிழும் படித்தேன். சண்டைக்கு மலையாளம், எழுதுவதற்குத் தமிழ் என்று வைத்துக்கொண்டேன்.

மகன் ரதீஷ் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "போன வருஷமும் பன்னிக்குத்தான் நட்டோம். இந்த வருஷமும் அதுகளே தின்னா, ரப்பர் வைப்போம்பா."

ரப்பரை அவித்து மீன்கறி ஊற்றித் தின்ன முடியுமா?

அக்டோபர் 8

பன்னியைச் சுட பஞ்சாயத்து அனுமதி தந்துவிட்டது. அப்பா காலத்துத் தோக்கு, பழைய நாட்டுத் துப்பாக்கி, உண்டு, லைசன்ஸும் உண்டு. வெடிமருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகப் போட்டுக் குத்தி இறக்க வேண்டும். முன்பெல்லாம் லைசன்ஸுக்குப் பெருவிரல் வைப்பேன். இந்தத் தடவை கையெழுத்து. ஆபீசில் இருந்த பெண் அதை ரெண்டு தடவை பார்த்தாள். நானும் ரெண்டு தடவை பார்த்தேன்.

அக்டோபர் 12

காஞ்சிரங்குளத்தில் பழைய மீன்வலையின் ஈயம் கிடைத்தது. உருக்கி அச்சில் ஊற்றினேன். முதலில் வந்த குண்டெல்லாம் சுருங்கிக் கிடந்தது, என் முகம் போல. அச்சு சூடாகவில்லை. எல்லாவற்றையும் திரும்ப உருக்கினேன். தப்பாக எழுதினதை அழித்து எழுதுகிற அதே சுகம்.

அக்டோபர் 13

உருகின ஈயத்தில் ஒரு மழைத்துளி விழுந்து தெறித்தது. கண் தப்பியது. இடது மீசை போச்சு. என் பெண்டாட்டி குஞ்சம்மாவின் சிரிப்பு இன்னும் தீரவில்லை.

அக்டோபர் 17

மண்ணெடுத்த குழியில் அட்டை வைத்து, அதில் பெரிதாக ஒரு 'அ' எழுதி, சுட்டேன். 'அ'வுக்கு ஒரு காயமும் இல்லை. ஒரு குண்டு அட்டையைத் தாங்கின கம்பை முறித்தது.

"கம்பைத்தான் குறி வச்சேன்" என்றேன்.

"அப்ப பன்னிகிட்டயும் ஒரு கம்பைப் பிடிச்சு நிக்கச் சொல்லும்" என்றாள் குஞ்சம்மா.

அக்டோபர் 21

மருந்தின் அளவையும் குண்டைப் பொதிகிற துணியையும் ஒரே நாளில் மாற்றினேன். ஓட்டைகள் நெருங்கி வந்தன. எதனால்? மருந்தா, துணியா? தெரியாது. மடையா, ஒவ்வொண்ணா மாத்தணும்!

இனி துணி என் பழைய வேட்டிதான். மாற்றுவது மருந்தை மட்டும். ஒவ்வொரு குண்டையும் நிறுத்துப் பார்த்தேன். எடை குறைந்த குண்டுக்கு உள்ளே காற்று, அதைத் தள்ளினேன்.

பன்னியைக் காணவில்லை. நான் தயாராகும்போதுதான் அதுகளுக்கு வேற வேலை வருது.

அக்டோபர் 26

பக்கத்து வீட்டு சுகிர்தபாய் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அண்ணா, தினமும் சாயங்காலம் இப்படி வெடிச்சா என் கோழி எப்படி முட்டையிடும்? போலீசுக்குப் போவேன், சொல்லீட்டேன்."

"பன்னியைக் கொன்னதும் நிறுத்தீருவேன்."

"எந்தப் பன்னி? நீங்க அட்டையைத்தானே கொல்லுதீங்க?"

நவம்பர் 3, ஞாயிறு

சுகிர்தபாய் சபைக்குப் போன நேரம். மூணு வெடி. அட்டையில் மூணு ஓட்டை, ஒன்றையொன்று தொடுகிற மாதிரி —

ஃ

டீச்சர் இந்த எழுத்தைச் சொல்லித் தந்தபோது இது எதுக்கு என்று கேட்டேன். இதுக்கு!

அட்டையை முன்னறைச் சுவரில் மாட்டிவிட்டேன். நல்ல குண்டையெல்லாம் குப்பியில் போட்டு மூடியாச்சு. இனி ஒரு துளி மருந்தும் வீணாக்க மாட்டேன். பன்னியே, இனி வா மக்கா.

நவம்பர் 5

வந்தது. குடும்பத்தோடு வந்தது. கீழ்வரிசை பூராவும் குத்திப் போட்டிருக்கு.

நவம்பர் 7

நேற்று காவலிருந்தேன். கருப்பாக ஒன்று அசைந்தது. வெடித்தேன். விடிந்து போய்ப் பார்த்தால் எங்கள் செவ்வாழை. தண்டின் நட்ட நடுவில் பட்டிருக்கிறது.

தோக்கின் மேல் குறை சொல்ல முடியாது.

நவம்பர் 8

ரதீஷ் ரப்பர் கன்னுக்குச் சொல்லி வச்சிருக்கானாம். என்ன சொல்லித் தடுக்க? பன்னி மரச்சீனியைத் தின்னுது, நான் வாழையைச் சுடுதேன். ஒரு மாசம் ஈயம் உருக்கி, மீசையும் போய், எதுக்குடே இது எல்லாம் —

நவம்பர் 9

காலையில் மதிலுக்கு மேலே சுகிர்தபாயின் தலை.

"அண்ணா, வெடியை ஏன் நிறுத்துனீங்க?"

"உன் கோழி முட்டையிடலன்னு..."

"கோழி கெடக்கட்டு! நீங்க வெடிச்ச நாளெல்லாம் ஒரு பன்னி இந்தப் பக்கம் வந்துதா? நிறுத்தினதும் என் சேம்புக் கிழங்கு பூரா போச்சு."

இந்த ஒரு மாசம் பன்னியை விரட்டினது என் கெட்ட குண்டுகள்தான். நல்ல குண்டு வந்ததும் பன்னியும் வந்துவிட்டது.

நவம்பர் 10, ஞாயிறு

குண்டு போடவில்லை. மருந்து மட்டும். அட்டையும் வைக்கவில்லை. எதைக் குறி வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றேன். பிறகு வானத்தைப் பார்த்து வெடித்தேன். நல்ல சத்தம்.

நவம்பர் 24

பன்னி இல்லை. நான் மறந்தாலும் சுகிர்தபாய் விடுவதில்லை: "அண்ணா, நேரமாச்சு!" கோழிகள் பழகிவிட்டனவாம்.

டிசம்பர் 15

வெடித்தேன். பன்னி இல்லை.

ஜனவரி 18

மரச்சீனி பறித்தோம். ஒவ்வொரு செடி மூட்டிலும் கை தண்டிக் கிழங்கு. ரதீஷ் ஆட்டோ நிறைய ஏற்றி நெய்யாற்றின்கரைச் சந்தைக்குக் கொண்டுபோனான். புறப்படும்போது, தலையை வெளியே நீட்டி, "மரச்சீனிக் கம்பை அடுப்புக்கு வெட்டீராதீங்கப்பா. அடுத்த நடவுக்கு வேணும்" என்றான். அப்ப ரப்பர் இல்லை.

மத்தியானம் குண்டுக் குப்பியைத் தேடினேன். காலி. குஞ்சம்மா பின்பக்கத்துப் பந்தலைக் காட்டினாள். தொங்குகிற ஒவ்வொரு புடலங்காயின் நுனியிலும், என் வேட்டித் துணியில் பொதிந்து கட்டின ஒரு குண்டு.

"கல்லு கட்டினா ஒண்ணு வளையுது, ஒண்ணு அறுந்து விழுது. இது எல்லாம் ஒரே எடை" என்றாள்.

குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் நேராக இறங்கியிருக்கின்றன. ஒன்றுகூடக் குறி தவறவில்லை.