டயரில் இருந்த கோளாறு

பாப்பா,

சோறு குக்கரில் இருக்கிறது. பட்டறைக்குக் கிளம்புகிறேன்.

பட்டறையில் நம் கார்ச் சக்கரங்களை நேராக்கி வீல் அலைன்மென்ட் செய்த மறுநாளே, "அண்ணா, வண்டி இடது பக்கமே இழுக்குது" என்று சொன்னாய். "மெஷின்ல நானே பாத்தேன், எல்லாம் சரியா இருக்கு. உன் கைதான் சரியில்ல" என்றேன். பத்து நாள் கழித்து அம்மாவுக்கு மூச்சு முட்டியபோது, அந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி மெதுவாகத்தான் உன்னால் போக முடிந்தது. அம்மா வழியிலேயே போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால், "இவ கொஞ்சம் வேகமா ஓட்டியிருந்தா அம்மா பொழைச்சிருப்பா" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை.

நேற்று முன் டயர் இரண்டையும் இடது வலதாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். இப்போது வண்டி வலது பக்கம் இழுத்தது; டயரோடு இழுப்பும் இடம் மாறிவிட்டது. அலைன்மென்டும் சரி, உன் கையும் சரி. கோளாறு டயரில். அரை மணி நேர வேலை. நீ சொன்ன அன்றே பார்த்திருக்கலாம்.

அன்று துக்கத்தில் நான் சொன்னதைக் கேட்ட பெரியம்மா சாயங்காலம் வருகிறார். தப்பு என் மேல்தான் என்று போனிலேயே சொல்லிவிட்டேன்.

அண்ணன்

பி.கு.: புது டயர் போட்டாயிற்று. சாவி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.

இன்னொன்று. சீக்கிரம் போயிருந்தால் அம்மா பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதுங்க" என்றார். அந்தக் கேள்வி இனி என்னோடு இருக்கட்டும். நீ சாப்பிடு.